டிஸ்க் போச்சா, வயர் போச்சா? சர்வரிடம் எந்தக் கருவியால் கேட்பது

மதுரை கீழமாசி வீதியில் ஒரு மளிகை மொத்தக் கடை. மாடியில் பழைய பேரேடுகளுக்கும் வற்றல் மூட்டைகளுக்கும் நடுவே அவர்களுடைய சர்வர் ஓடுகிறது. ஒரு நாள் காலை பதினொரு மணிக்கு, லோடு இறங்குகிற நேரமாகப் பார்த்து அண்ணாச்சி போன் செய்தார். "தம்பி, பில் போட்டா அரை நிமிஷம் அப்படியே நிக்குது. அப்புறம் தானா ஓடுது. டிஸ்க் போயிருச்சுன்னு பையன் சொல்றான். புதுசு வாங்கிரவா?"

வாங்க வேண்டாம், வருகிறேன் என்றேன். அந்த 'அரை நிமிஷம்' என்ற வார்த்தைதான் காரணம். டிஸ்க்குக்கு அனுப்பிய கட்டளைக்குப் பதில் வராவிட்டால் லினக்ஸின் மையமான கெர்னல் வழக்கமாக 30 விநாடி காத்திருக்கும். பிறகு இணைப்பை ரீசெட் செய்து மறுபடி கேட்கும். பதில் வந்துவிட்டால் பில்லும் நகர்ந்துவிடும். சாகப்போகிற டிஸ்க்கும் இப்படி நிற்கும், டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிள் சரியாகச் செருகாமல் இருந்தாலும் இப்படித்தான் நிற்கும். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு இரண்டும் ஒரே நோய். உள்ளே இருக்கும் கருவிகளில் எது இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லும் என்பதுதான் கேள்வி. எல்லாம் இலவசம், பெரும்பாலும் ஏற்கெனவே சர்வரில் இருப்பவை. ஆனால் எல்லாம் ஒரே விஷயத்தைச் சொல்வதில்லை.

டிமெசேஜும் ஸ்மார்ட்டும்

பலரும் முதலில் தட்டுவது டிமெசேஜ், கெர்னல் எழுதிவைக்கும் செய்திகளைக் காட்டும் கட்டளை. நானும்தான். கடையில் அதைத் திறந்ததும் 'ஹார்ட் ரீசெட்டிங் லிங்க்' என்ற வரி ஏழெட்டு இடத்தில் நின்றது. அதற்கும் கீழே, சாட்டா இணைப்பின் வேகத்தை 6 ஜிகாபிட்டிலிருந்து 3 ஜிகாபிட்டுக்கு இறக்கிக்கொண்டதாக ஒரு வரி. இணைப்பில் பிழை திரும்பத் திரும்ப வந்தால் கெர்னல் தானாகவே ஒரு படி இறங்கிப் பார்க்கும். அதுவும் சரிப்படவில்லை என்றால் 1.5-க்குப் போகும். கரடுமுரடான ரோட்டில் டிரைவர் கியரைக் குறைக்கிற மாதிரி.

டிமெசேஜின் பலம் நேரமும் வரிசையும். எது முதலில் நடந்தது, எது அதன் பின்விளைவு என்று வரிவரியாகத் தெரியும். பில் நின்றதாகக் கணக்குப்பிள்ளை சொன்ன நேரமும் ரீசெட் வரியின் நேரமும் ஒத்துப்போனால் பாதி வேலை முடிந்தது. பலவீனம், அதன் ஞாபகம் ரொம்பக் குட்டை. நினைவகத்தில் ஒரு சிறு இடத்தில் சுழன்று சுழன்று எழுதுவதால் பழைய வரிகள் அழிந்துகொண்டே வரும். ரீஸ்டார்ட் செய்தால் சுத்தமாகப் போய்விடும். நம் ஊரில் சிஸ்டம் தகராறு செய்தால் யாராக இருந்தாலும் முதலில் செய்வது ரீஸ்டார்ட்தானே. அதனால் சிஸ்டத்தின் லாக்கைக் காட்டும் ஜர்னல்சிடிஎல் கட்டளையிடம், ரீஸ்டார்ட்டுக்கு முன்பு ஓடியபோது எழுதப்பட்ட கெர்னல் வரிகளைக் கேட்டு வாங்குவது நல்லது. ஆனால் லாக் டிஸ்க்கில் நிரந்தரமாகச் சேமிக்கப்படும்படி முன்பே அமைத்திருந்தால்தான் அதுவும் கிடைக்கும்.

டிமெசேஜ் 'இணைப்பில் சண்டை' என்று சொல்கிறது. தப்பு யார் பேரில் என்று பல நேரம் சொல்வதில்லை. அதற்கு, டிஸ்க் தன்னைப் பற்றித் தானே வைத்திருக்கும் ஸ்மார்ட் என்ற உடல்நலக் கணக்கைக் காட்டும் ஸ்மார்ட்சிடிஎல் வேண்டும். அதன் அட்டவணையில் நான் பார்ப்பது மூன்றே எண்கள். 5-ம் எண் வரிசை, டிஸ்க் தன் பரப்பில் கெட்டுப்போன இடங்களை மாற்றிவைத்த கணக்கு. 197, படிக்க முடியாமல் சந்தேகத்தில் வைத்திருக்கும் இடங்கள். இந்த இரண்டும் ஏறினால் டிஸ்க்கே நோயாளி. 199 வேறு கதை: டிஸ்க்குக்கும் மதர்போர்டுக்கும் நடுவே வழியில் சிதைந்த தகவலின் எண்ணிக்கை. கடையின் டிஸ்க்கில் 5-ம் 197-ம் பூஜ்யம். 199-ல் 1,846.

இந்த இடத்தில் ஒரு சறுக்கல் உண்டு. 199 என்பது வாழ்நாள் கணக்கு. கேபிளை மாற்றினாலும் இறங்காது, டிஸ்க்கை வேறு சர்வருக்குக் கொண்டுபோனாலும் கூடவே வரும். போன வருடம் யாரோ ஒருவர் கேபிளை அரைகுறையாகச் செருகியதன் பாவம்கூட அதில் இருக்கலாம். ஆகவே எண் எவ்வளவு பெரியது என்பது முக்கியமில்லை, ஏறுகிறதா என்பதுதான் முக்கியம். ஒரு பெரிய ஃபைலைக் காப்பி செய்துவிட்டு மறுபடி பார்த்தேன்: 1,853. அவ்வளவுதான், பெட்டியைத் திறந்தேன். சாட்டா கேபிளின் கனெக்டரில் பூட்டு நாக்கு உடைந்து, பக்கத்து ஃபேனின் அதிர்வில் கேபிள் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. பூட்டு உள்ள புதுக் கேபிள் ஒன்றை டவுன்ஹால் ரோட்டில் வாங்கிவரப் பையனை அனுப்பினேன்.

இந்த இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால், டிஸ்க் விஷயத்தில் என் ஓட்டு ஸ்மார்ட்டுக்கு. ஒரு நிபந்தனை: அதன் மேலே 'பாஸ்டு' என்று வரும் ஒற்றை வரித் தீர்ப்பைப் பார்த்துவிட்டு மூடிவிடக் கூடாது. கடையின் டிஸ்க்கும் அன்று பாஸ்தான். இன்னொன்று, பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்து நடத்தும் ரெய்டு கார்டுக்குப் பின்னால் டிஸ்க்குகள் இருந்தால் ஸ்மார்ட்சிடிஎல் நேரடியாக அவற்றைப் பார்க்காது. எந்த வகைக் கார்டு, எத்தனையாவது டிஸ்க் என்று கூடவே சொல்ல வேண்டும். பெரிய சர்வர்களில் வரும் சாஸ் வகை டிஸ்க்குகளில் 199 என்ற வரிசையே கிடையாது. அங்கே ஒவ்வொரு ஃபையின் (இணைப்பு முனையின்) பிழைக் கணக்கையும் தனியாகக் கேட்க வேண்டும்.

நெட்வொர்க்: ஈத்டூலா, விளக்கு டெஸ்டரா

கப்பலூர் பக்கம் ஒரு பட்டறை அலுவலகம். 'பேக்கப் ராத்திரி முழுக்க ஓடுது, காலையிலயும் முடியல' என்று புகார். நெட்வொர்க் கார்டின் நிலையைக் காட்டும் ஈத்டூல் கட்டளையைத் தட்டினால் லிங்க் இருக்கிறது, வேகம் மட்டும் 100 மெகாபிட். கார்டும் ஸ்விட்ச்சும் ஜிகாபிட்.

கேபிளின் உள்ளே நான்கு ஜோடி கம்பி. 100 மெகாபிட்டுக்கு 1, 2, 3, 6 என்ற நான்கு பின் போதும், அதாவது இரண்டு ஜோடி. ஜிகாபிட்டுக்கு நான்கு ஜோடியும் வேண்டும். இரு முனைகளும் வேகம் பேசி முடிவெடுப்பதும் அந்த முதல் இரண்டு ஜோடியில்தான். மற்ற ஜோடியில் ஒரு கம்பி அறுந்திருந்தால், ஜிகாபிட் என்று பேசி முடித்துவிட்டு லிங்க் எழும்பாமல் திண்டாடும். சில கார்டுகள் தாமே இறங்கி 100-ல் உட்கார்ந்துவிடும். இரண்டாவது வகைதான் ஆபத்து. எல்லாம் வேலை செய்வது போலவே இருப்பதால் மாதக்கணக்கில் யாரும் கவனிப்பதில்லை.

ஈத்டூலில் கேபிளையே சோதிக்கும் ஒரு வசதி 2020-ல் வந்த 5.8 கெர்னலோடு சேர்ந்தது. எந்த ஜோடி திறந்து கிடக்கிறது, எத்தனை மீட்டர் தொலைவில் என்றுகூடச் சொல்லும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கார்டின் சிப்பும் டிரைவரும் அதற்கு ஒத்துழைக்க வேண்டும். கப்பலூரில் 'ஆதரவு இல்லை' என்று ஒற்றை வரியில் கைவிரித்துவிட்டது. ஒத்துழைத்தாலும் சோதிக்கும் நேரத்தில் லிங்க் விழும் என்பதால், தொலைவிலிருந்து உள்ளே நுழைந்தவர் அதே கேபிளில் இதைச் செய்தால் தன் கிளையைத் தானே வெட்டிக்கொள்கிறார்.

அப்புறம் என்ன, பையிலிருந்து பழைய விளக்கு டெஸ்டரை எடுத்தேன். எட்டு விளக்கு வரிசையாக எரிய வேண்டும். ஏழாவது எரியவில்லை. வெள்ளை-பழுப்புக் கம்பி. சுவரோரமாகப் போன கேபிளை விரலால் தடவிக்கொண்டே போனால், கதவுக்குப் பின்னால் ஒரு கிளிப்பின் ஆணி கேபிளுக்குள்ளேயே இறங்கியிருந்தது.

இந்த ஆட்டத்தில் டெஸ்டருக்கு ஒரு கோல். ஆனால் அதை நம்பியே இருந்துவிட முடியாது. கம்பி தொடர்ச்சியாக இருக்கிறதா என்று மட்டும்தான் அதற்குத் தெரியும். கிரிம்பிங் (முனையில் கனெக்டரை அழுத்திப் பூட்டுவது) மோசம், கேபிள் மின்சார லைனை ஒட்டிப் போகிறது, அலுமினியக் கம்பிக்குத் தாமிரப் பூச்சு பூசிய மலிவுச் சரக்கு என்பதெல்லாம் எட்டு விளக்கும் எரிந்தபடியே தப்பித்துவிடும். அங்கே ஈத்டூலின் பெரிய எஸ் ஆப்ஷன் தரும் எண்கள்தான் கை கொடுக்கும், குறிப்பாக, வழியில் சிதைந்து வந்தவற்றை எண்ணும் சிஆர்சி பிழை. (பெரிய எஸ் என்பதை அழுத்திச் சொல்கிறேன். சின்ன எஸ் செட்டிங்கை மாற்றுகிற கட்டளை.) அந்த எண் இந்தப் பக்கம் வந்து சேர்ந்த பொட்டலங்களின் சேதத்தை மட்டும் காட்டும். இங்கிருந்து போனவை வழியில் கெட்டால் அது ஸ்விட்ச்சின் போர்ட்டில்தான் பதிவாகும். ஒரு முனையை மட்டும் பார்த்து 'கேபிள் நன்றாக இருக்கிறது' என்று சொல்லி நான் ஒருமுறை மூக்குடைபட்டிருக்கிறேன்.

மற்றவை

மதர்போர்டில் கார்டு செருகும் பிசிஐ ஸ்லாட்டுக்கு எல்எஸ்பிசிஐ என்ற கட்டளை. கார்டின் தகுதி எட்டு லேன் (தகவல் போகும் பாதை), இப்போது ஓடுவது நான்கு லேன் என்று இருந்தால் பக்கத்திலேயே 'டவுன்கிரேடட்' என்று எழுதியிருக்கும். கார்டு ஸ்லாட்டில் முழுதாக உட்காரவில்லை என்பதற்கு இது நல்ல அறிகுறி. ஆனால் எட்டு லேன் நீளமுள்ள ஸ்லாட்டுக்கு உள்ளே நான்கு லேன்தான் இழுத்திருக்கிறார்கள் என்றாலும் இதே சொல் வரும். மதர்போர்டின் கையேட்டைப் பார்க்காமல் திருப்புளியை எடுக்க வேண்டாம்.

ரேமின் பிழைகளை எண்ணும் ஈடாக் என்ற கணக்கு கெர்னலில் இருக்கிறது. திருத்தப்பட்ட பிழை எந்த ஸ்லாட்டில் ஏறுகிறது என்று காட்டும். பிழையைக் கண்டுபிடித்துத் திருத்தும் இசிசி ரேம் இல்லாத சர்வரில் அது பேசாது. நம் ஊர்ச் சின்னக் கடைகளில் சர்வர் என்ற பெயரில் ஓடும் பல பெட்டிகளில் இசிசி இல்லை.

ஐபிஎம்ஐடூல் தனி ரகம். அது பேசுவது ஐபிஎம்ஐ என்ற ஏற்பாட்டோடு; இண்டெல், டெல், எச்பி, என்இசி நான்கும் சேர்ந்து 1998-ல் கொண்டுவந்தது. மதர்போர்டில் தனியாக ஒரு குட்டிக் கணினி, சர்வர் அணைந்திருந்தாலும் விழித்திருக்கும். பவர் சப்ளை, ஃபேன், வோல்டேஜ் இவற்றில் இதை மிஞ்ச ஆளில்லை. இரண்டு பவர் சப்ளை உள்ள சர்வரில் ஒன்றின் பவர் கார்டு கழன்று கிடந்தால் ஆப்பரேட்டிங் சிஸ்டம் அலட்டிக்கொள்ளாமல் ஓடும். இதன் நிகழ்வுப் பதிவில் மட்டும் நேரத்தோடு இருக்கும். அந்த நேரம் நம் நேரமா, ஐந்தரை மணி பின்தங்கிய யுடிசி நேரமா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். இந்தக் குழப்பத்தில், சும்மா இருந்த வாட்ச்மேனைத் திட்டிய ஆட்கள் உண்டு. ஆனால் தளர்ந்த சாட்டா கேபிளைப் பற்றியோ அறுந்த பழுப்புக் கம்பியைப் பற்றியோ இதனிடம் கேட்பது வீண்.

விண்டோஸ் சர்வர் வைத்திருப்பவர்களுக்கு ஈவென்ட் வியூவர்தான் டிமெசேஜ். சிஸ்டம் பதிவில் 129 என்ற எண் டிஸ்க் இணைப்பு ரீசெட் ஆனதற்கு, 11 கண்ட்ரோலர் பிழைக்கு. ரீஸ்டார்ட் ஆனாலும் பதிவு அழியாது என்பதில் லினக்ஸின் டிமெசேஜைவிட இது ஒரு படி மேல். 199-ஐப் பார்க்க அங்கேயும் ஸ்மார்ட்சிடிஎல்லை இறக்கிக்கொள்ளலாம்.

எந்தக் கருவியும் வேண்டாம், எல்லாவற்றையும் ஒருமுறை கழற்றி மாட்டினால் போதும் என்று ஒரு கட்சி இருக்கிறது. பாதி நேரம் அவர்கள் ஜெயிக்கவும் செய்கிறார்கள். ஆனால் ஏழு இணைப்பையும் ஒரே மூச்சில் கழற்றி மாட்டினால் எது குற்றவாளி என்று கடைசிவரை தெரியாது, ஆறு மாதம் கழித்து அதுவே திரும்பி வரும். நான் கழற்றும் வேலையை மாதாந்திர மின்தடை நாளுக்கு வைத்துக்கொள்கிறேன். ஒரு தடவைக்கு ஓர் இணைப்பு, முன்னும் பின்னும் எண்.

கீழமாசி வீதிக் கடையில் கேபிள் மாற்றிய அன்று, 199-ன் எண்ணை எப்படிப் பார்ப்பது என்று கணக்குப்பிள்ளைக்கு ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். இரண்டு மாதம் கழித்துப் போனபோது பேரேட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். சனிக்கிழமை தோறும் தேதி போட்டு 1,853, 1,853 என்று ஒன்பது வரி. ஓரத்தில் சிவப்பு மையில்: 'வரவு இல்லை.'