பவர் பிஐ: பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் நான்கு வருடப் பயன்பாடு

திருப்பூரில் ஒரு நடுத்தர ஏற்றுமதி நிறுவனத்தை எடுத்துக்கொண்டால், கணக்கு டேலியில் இருக்கும். ஆர்டர் விவரம் மெர்ச்சண்டைசரின் (பையரின் ஆர்டரைக் கவனித்துக்கொள்பவர்) எக்செல்லில் இருக்கும். துணி டையிங்குக்கு (சாயமேற்றுவதற்கு) போன டிசி, அதாவது டெலிவரி சலான், ஸ்டோர் நோட்டில் இருக்கும், தையல் லைனின் மணிக்கணக்கு சூப்பர்வைசரின் வாட்ஸ்அப்பில் இருக்கும். இவற்றை ஓரிடத்தில் சேர்த்து, ஒரே விதியில் கணக்கிட்டு, முடிவெடுப்பவர் கைக்கு நேரத்தோடு கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் பிசினஸ் இன்டெலிஜென்ஸ் (பிஐ). 1958-ல் ஐபிஎம்-மின் ஹான்ஸ் பீட்டர் லூன் இதே பெயரில் எழுதிய கட்டுரையும், ஒரு நிறுவனத்தின் எந்தப் பிரிவுக்கு எந்தத் தகவல் தேவையோ அதைத் தானாக அங்கே அனுப்பும் அமைப்பைப் பற்றித்தான் பேசுகிறது. இதற்கான மைக்ரோசாஃப்ட் மென்பொருளான பவர் பிஐ-யை நான்கு வருடம் தினமும் பயன்படுத்திய பிறகும், ஒரு ரிப்போர்ட்டை மதிப்பிட எங்களுக்கு இந்த அளவுகோலே போதும்: யாருக்குப் போகிறது, போன பிறகு அவர் எதை மாற்றிச் செய்கிறார்?

இந்த அளவுகோலில் முதலில் தேறியது டையிங் லாஸ் ரிப்போர்ட், அதாவது சாயமேற்றும்போது துணியின் எடை எவ்வளவு குறைகிறது என்ற கணக்கு. ஒரு லாட்டில் 1,000 கிலோ கிரே (சாயமேற்றாத) துணி அனுப்பியிருப்போம். திரும்பி வருவது ஒரே நடையில் வராது. முதல் டிசியில் 380 கிலோ, அடுத்ததில் 310, கடைசியில் 248, ஆக மொத்தம் 938. உண்மையான லாஸ் 6.2 சதவீதம். ஆனால் அனுப்பியதிலிருந்து வந்ததைக் கழிக்கும் சாதாரண ஃபார்முலா, முதல் டிசி பதிவானதும் 62 சதவீத லாஸ் என்று சிவப்பில் காட்டும். அதை நம்பி யாராவது டையிங் யூனிட்டுக்குப் போன் போட்டுவிட்டால், அதன் பிறகு அந்த ரிப்போர்ட்டை ஒருவரும் திறக்க மாட்டார்கள். தீர்வு சின்னதுதான். 'லாட் முடிந்தது' என்று அட்டவணையில் ஒரு பத்தி (column) சேர்த்து, முடிந்த லாட்டுக்கு மட்டும் லாஸ் கணக்கிட வேண்டும். முடியாதவற்றை 'டையிங்கில் பாக்கி' என்று தனி அட்டவணையில், எத்தனை நாளாக நிற்கிறது என்பதோடு காட்ட வேண்டும். அந்த டிக்கை ஸ்டோர் கீப்பர்தான் போட வேண்டும், எந்த மென்பொருளும் அவருக்காகப் போடாது. ரிப், காலர் துணி அதே டிசியில் வந்தால் அவற்றின் எடையையும் பிரித்து எழுதச் சொல்லுங்கள். இல்லையென்றால் லாஸ் குறைவாகத் தெரியும்.

இதில் பலன் எங்கே என்றால், காஸ்டிங்கில் 6 சதவீதம் போட்டிருக்க, ஒரு நிறத்துக்குச் சராசரியாக 8 போகிறது என்று தெரிந்தால் 1,000 கிலோவுக்கு 20 கிலோ குறைகிறது. ஒரு டி-ஷர்ட்டுக்கு 200 கிராம் துணி என்றால் அது 100 பீஸ். கட்டிங்கில் போய்த் தெரிவதை விட நூல் ஆர்டர் போடும்போதே தெரிந்தால், அதே நூலைச் சேர்த்து வாங்கிவிடலாம்.

பார்ட்டி பெயர்கள் தனித் தலைவலி. ஒரே யூனிட் இன்ஷியலுக்குப் பின் புள்ளியோடு ஒன்று, புள்ளி இல்லாமல் ஒன்று, 'அண்ட் கோ' சேர்த்து இன்னொன்று என்று மூன்றாக நிற்கும். பெயரை வைத்து இணைக்காதீர்கள். 15 எழுத்து ஜிஎஸ்டி எண்ணை வைத்து இணையுங்கள். ஒரே எண்ணில் இரண்டு யூனிட் நடத்துபவர்களுக்கு மட்டும் பின்னால் 1, 2 என்று சேர்த்தால் போதும்.

'விற்பனை' என்றால் என்ன என்பதில்தான் ஆரம்ப மாதங்கள் கரைந்தன. மார்ச் 31 தேதியிட்ட இன்வாய்ஸ், கன்டெய்னர் கிளம்பியது ஏப்ரல் 3. இது எந்த வருட விற்பனை? டாலரை பில் தேதி ரேட்டில் மாற்றுவதா, பணம் வந்த நாள் ரேட்டிலா? டியூட்டி டிராபேக்கை (ஏற்றுமதிக்கு அரசு திருப்பித் தரும் வரியை) சேர்ப்பதா வேண்டாமா? அக்கவுண்ட்ஸ் ஒரு பதில் சொல்லும், மெர்ச்சண்டைசிங் வேறு சொல்லும், அவரவர் வேலைக்கு இரண்டுமே சரி. எனவே 'பில் விற்பனை', 'ஷிப்மென்ட் விற்பனை' என்று இரண்டு மெஷர் (பவர் பிஐ-யில் எழுதிவைக்கும் கணக்கு ஃபார்முலா) வைத்து, ஒவ்வொன்றின் விதியையும் ரிப்போர்ட்டின் அடியிலேயே ஒரு வரியில் எழுதிவைக்க வேண்டும். யார் எண் சரி என்ற சண்டை அதோடு நின்றது. பிஐ ஒரு நிறுவனத்துக்குச் செய்யும் பெரிய வேலையாக நாங்கள் நினைப்பது இதைத்தான்.

இனி தொழில்நுட்பம். டேலியை ஓடிபிசி (மென்பொருள்களுக்கு இடையே டேட்டா எடுக்கும் பொது வழி) மூலம் நேரடியாக இணைக்கலாம், வழக்கமான போர்ட் 9000. ஆனால் டேலி திறந்திருக்க வேண்டும், கம்பெனியும் லோடு ஆகியிருக்க வேண்டும். இரவில் பூட்டிவிட்டுப் போகும் ஆபீசில் இது நிலைக்காது. டேட்டாவை ஒரு எஸ்கியூஎல் சர்வருக்கு (டேட்டாபேஸுக்கு) ஏற்றி, அங்கிருந்து பவர் பிஐ எடுப்பதே உறுதியான வழி. ஆபீஸ் டேட்டாவைக் கிளவுடில் உள்ள பவர் பிஐ-க்கு அனுப்பும் மென்பொருளான கேட்வே போடும் கம்ப்யூட்டரில் ஸ்லீப் மோடை அணைத்து, யுபிஎஸ் கொடுத்து, வைஃபை இல்லாமல் கேபிளில் இணையுங்கள். கேட்வே நிறுவும்போது கேட்கும் ரெகவரி கீயைத் தாளில் எழுதி பீரோவில் வையுங்கள். அது தொலைந்தால் வேறு கம்ப்யூட்டருக்கு அந்த கேட்வேயை மாற்ற முடியாது.

பவர் பிஐ-யின் கட்டண வகையான புரோ லைசென்ஸில் ஒரு நாளைக்கு 8 முறைதான் ஷெட்யூல் ரிஃப்ரெஷ் (குறித்த நேரத்தில் டேட்டா தானாகப் புதுப்பிப்பது). இந்தத் தொழிலுக்கு அது தாராளம். தொடர்ந்து நான்கு முறை தோற்றால் ஷெட்யூல் தானாக நின்றுவிடும் என்பதைத்தான் கவனிக்க வேண்டும். ஒரு பவர் கட் நாளுக்குப் பிறகு பழைய எண்ணையே பார்த்துக்கொண்டிருப்பீர்கள். ஆகவே ஒவ்வொரு பக்கத்தின் மேலேயும் 'கடைசியாகப் புதுப்பித்தது' என்ற நேரம் இருக்கட்டும். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. கிளவுடில் நேரம் யூடிசி (உலகப் பொது நேரம்) கணக்கில் ஓடுவதால் 5 மணி 30 நிமிடம் பின்தங்கும், அதைக் கூட்டித்தான் எழுத வேண்டும். 'இன்றைய உற்பத்தி' ஃபார்முலா அதிகாலை 5.30 வரை நேற்றைய தேதியைக் காட்டுவதும் இதனால்தான்.

தேதியில் இதைவிட ஆபத்தான தவறு ஒன்று உண்டு. எக்செல்லிலிருந்து எழுத்தாக வரும் 05/04 நமக்கு ஏப்ரல் 5. அமெரிக்க லொகேலில் (நாட்டு வழக்க அமைப்பில்) இருந்தால் பவர் பிஐ அதை மே 4 என்று எடுத்துக்கொள்ளும். நாள் 12-க்கு மேல் போனால் பிழை காட்டும். 12 வரை சத்தமில்லாமல் மாறிவிடும். பவர் குவெரியில் (பவர் பிஐ-யில் டேட்டாவைச் சீர்செய்யும் பகுதி) வகை மாற்றும்போது 'யூசிங் லொகேல்' தேர்ந்தெடுத்து இங்கிலீஷ் இந்தியா கொடுங்கள். வருடத் தொடக்கத்திலிருந்து கூட்டும் ஃபார்முலாவும் டிசம்பர் 31-ஐயே வருட முடிவாக எடுக்கும், மார்ச் 31 என்று தனியாகக் கொடுக்க வேண்டும். ஆட்டோ டேட் டைம் வசதியை அணைத்துவிடுங்கள். அது தேதி உள்ள ஒவ்வொரு பத்திக்கும் மறைவாக ஒரு காலண்டர் உருவாக்கி ஃபைலைப் பெருக்கும்.

டிஸ்பிளே யூனிட்டில் தவுசண்ட், மில்லியன் உண்டு, லட்சம் இல்லை. 1,00,000-ஆல் வகுத்து ஒரு மெஷர் எழுதி, தலைப்பிலேயே 'லட்சத்தில்' என்று போட்டுவிட்டால் முதலாளிக்குப் படிக்க வசதி.

கம்ப்யூட்டரில் ரிப்போர்ட் உருவாக்கும் பவர் பிஐ டெஸ்க்டாப் இலவசம். பகிர்வதற்கு புரோ வேண்டும், சாதாரணமாக வெறுமனே பார்ப்பவருக்கும் வேண்டும். 2025 ஏப்ரலில் மாதம் 10 டாலரிலிருந்து 14 டாலராக ஏறியது. 40 பேருக்கு வாங்காதீர்கள். முடிவெடுக்கும் ஆறேழு பேருக்கு வாங்கினால் போதும், லைன் சூப்பர்வைசருக்குக் காலையில் ஒரு பிடிஎஃப் போதும். செலவை மிச்சப்படுத்த 'பப்ளிஷ் டு வெப்' போட வேண்டவே வேண்டாம். அந்த லிங்க் கிடைத்த எவரும் லாகின் இல்லாமல் உங்கள் பையர் ரேட்டைப் பார்க்கலாம்.

ஒரு மெர்ச்சண்டைசருக்கு அவருடைய பையர் மட்டும் தெரிய ரோ லெவல் செக்யூரிட்டி நன்றாக வேலை செய்கிறது. ஆனால் ஒர்க்ஸ்பேஸில் (ரிப்போர்ட்டுகளை வைத்துப் பகிரும் இடம்) அவர் வியூவராக இருந்தால் மட்டும்தான். மெம்பர், கான்ட்ரிபியூட்டர் என்று சேர்த்தால் எல்லாமே தெரியும். ரிப்போர்ட்டை உருவாக்கியவர் வேலையை விட்டுப் போனாலும் சிக்கல்தான். அவர் கணக்கை மூடியதும் ரிஃப்ரெஷ் நிற்கும். அவர் போவதற்கு முன்பே செமான்டிக் மாடலை (ரிப்போர்ட்டுக்குப் பின்னால் இருக்கும் டேட்டாவும் ஃபார்முலாக்களும்) வேறொருவர் பெயரில் 'டேக் ஓவர்' செய்து, பாஸ்வேர்டுகளைப் புதிதாகக் கொடுத்து, ஒரு முறை ரிஃப்ரெஷ் ஓடிப் பச்சை டிக் விழுவதைப் பார்த்துவிட்டே கணக்கை மூடச் சொல்லுங்கள்.