மகரந்த அலர்ஜி: மாத்திரையா, மூக்கு ஸ்ப்ரேயா?

வருடா வருடம் அதே மாதத்தில் "மறுபடியும் சளி பிடித்துவிட்டது" என்று சொல்பவரா நீங்கள்? அது சளியே இல்லாமல் இருக்கலாம். ஜலதோஷம் பெரும்பாலும் ஒரு வாரம், பத்து நாளில் போய்விடும். தொண்டை வலி, உடம்பு வலி, சில சமயம் காய்ச்சலும் கூடவே வரும். மகரந்த அலர்ஜியில் காய்ச்சல் கிடையாது. அடுக்கடுக்கான தும்மல், தண்ணீராக ஒழுகும் மூக்கு, கண்ணிலும் மேல் அண்ணத்திலும் அரிப்பு என்று வாரக்கணக்கில் இழுக்கும். அரிப்பைத்தான் நான் முதலில் கேட்பேன். பாவம், பழி மட்டும் பளிச்சென்ற பூக்கள் மேல் விழுகிறது. அவற்றின் மகரந்தம் கனமானது, ஒட்டும் தன்மை கொண்டது. பூச்சிகள்தான் அதைச் சுமக்கின்றன. காற்றில் மிதந்து வந்து மூக்கில் ஏறுவது புல், களை, சில மரங்களின் மகரந்தம். அவை பூப்பதையே நாம் கவனித்திருக்க மாட்டோம்.

சரி, அலர்ஜிதான் என்று தெரிந்தாயிற்று. பெரும்பாலோர் கை முதலில் போவது மாத்திரைக்கு. மகரந்தம் பட்டதும் உடலில் வெளியாகும் ஹிஸ்டமின்தான் தும்மலையும் அரிப்பையும் கிளப்புகிறது. அதன் வேலையை மாத்திரை தடுக்கும். ஓரிரு மணி நேரத்தில் பலன் தெரியும். குளோர்பெனிரமின் போன்ற பழைய மாத்திரைகள் மூளை வரை போய்த் தூக்கத்தில் தள்ளும். வண்டி ஓட்டுபவர்களும் முதியவர்களும் அவற்றைத் தவிர்ப்பது நல்லது. செட்டிரிசின், லோராட்டடின், ஃபெக்ஸோஃபெனடின் ஆகியவை புதியவை. செட்டிரிசின் சிலருக்குக் கொஞ்சம் தூக்கம் வரவைக்கும். ஃபெக்ஸோஃபெனடினில் அந்தத் தொல்லை குறைவு, ஆனால் பழச்சாறோடு விழுங்கினால் உடலில் சேரும் மருந்து குறைந்துவிடும். வெறும் தண்ணீர் போதும்.

மாத்திரை சறுக்கும் இடம் மூக்கடைப்பு. அங்கே ஹிஸ்டமினோடு வேறு பல ரசாயனங்களும் சேர்ந்து மூக்கின் உட்சவ்வை வீங்க வைத்திருக்கின்றன. ஃப்ளூட்டிகசோன், மொமெட்டசோன் போன்ற ஸ்டீராய்டு ஸ்ப்ரேக்கள் அந்த வீக்கத்தையே தணிப்பவை. தும்மலும் ஒழுகலும்கூட அடங்கும். என் ஓட்டு ஸ்ப்ரேவுக்குத்தான். 2017-இல் அமெரிக்க அலர்ஜி மருத்துவர்கள் வெளியிட்ட வழிகாட்டுதலும், 12 வயது தாண்டியவர்கள் கூடவே மாத்திரை சேர்க்காமல் ஸ்ப்ரேயை மட்டும் முதலில் தொடங்கலாம் என்கிறது.

ஆனால் ஸ்ப்ரே பொறுமையைக் கேட்கும். முழுப் பலன் தெரிய ஒன்றிரண்டு வாரம்கூட ஆகலாம், தினமும் அடிக்க வேண்டும். இரண்டு நாள் அடித்துவிட்டு "வேலைக்கு ஆகவில்லை" என்று தூக்கிப் போடுபவர்கள்தான் அதிகம். சீசன் தொடங்க ஓரிரு வாரம் முன்பே ஆரம்பிப்பது உத்தமம். அடிக்கும் விதமும் முக்கியம்: தலையை லேசாகக் குனிந்து, வலது துவாரத்துக்கு இடது கை, இடது துவாரத்துக்கு வலது கை. அப்போதுதான் மருந்து இரண்டு துவாரங்களையும் பிரிக்கும் நடுத்தண்டில் படாமல் வெளிப்பக்கச் சுவரில் படும். நடுத்தண்டிலேயே அடித்தால் மூக்கில் ரத்தம் வரலாம். ஸ்டீராய்டு என்ற பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், ரத்தத்தில் கலப்பது மிகக் குறைவு. குழந்தைகளுக்கு நீண்ட நாள் தருவதானால் மட்டும் மருத்துவர் வளர்ச்சியைக் கவனித்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது ஆள் ஆக்ஸிமெட்டசோலின், சைலோமெட்டசோலின் சொட்டு மருந்து. சில நிமிடங்களில் மூக்கு திறந்துகொள்ளும், ஆபத்தும் அங்கேதான். தொடர்ந்து மூன்றிலிருந்து ஐந்து நாளைத் தாண்டினால், மருந்து இறங்கியதும் அடைப்பு முன்னைவிட மோசமாகத் திரும்பும். அப்புறம் பாட்டில் இல்லாமல் தூக்கம் வராது.

உப்புநீரால் மூக்கைக் கழுவுவது போட்டியில் இல்லை, எல்லாவற்றுக்கும் துணை. குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றாதீர்கள். மூளையைத் தாக்கும் அமீபா அரிதாகவேனும் அந்த வழியாக உள்ளே போயிருக்கிறது. கொதிக்க வைத்து ஆறிய நீர்தான் சரி.

இவை எல்லாமே அந்த சீசனைச் சமாளிக்கத்தான். உடலின் சுபாவத்தையே மாற்றப் பார்ப்பது அலர்ஜி ஊசி. லண்டனில் லெனார்ட் நூன் என்ற மருத்துவர் புல் மகரந்தச் சாற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிப் பார்த்து 1911-இல் எழுதிய முறையின் வாரிசு. எந்த மகரந்தம் என்று பரிசோதித்த பிறகு மூன்றிலிருந்து ஐந்து ஆண்டு போட வேண்டும், ஒவ்வொரு முறையும் அரை மணி நேரம் மருத்துவமனையிலேயே இருக்க வேண்டும். மருந்துகள் கைவிட்டவர்களுக்கு இது தகும். கட்டுப்படாத ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆகாது. தும்மலோடு இழுப்பும் நெஞ்சு இறுக்கமும் வந்தால், மாத்திரையா ஸ்ப்ரேயா என்று யோசிக்காமல் நேரே மருத்துவரிடம் போங்கள்.