8 ஆண்டு பழைய பேக்கப்பை அடுத்த பதிப்பு திறக்குமா? நான்கு ஓப்பன் சோர்ஸ் மென்பொருள்கள், நான்கு வழிகள்

சென்ற மார்ச்சில், நான் பார்த்துக்கொள்ளும் ஆடிட்டர் அலுவலகத்திலிருந்து ஃபோன் வந்தது. "தம்பி, 2016-17 டேலி டேட்டா ஒண்ணு வேணும். கிளையன்ட்டுக்கு நோட்டீஸ் வந்திருக்கு." டேட்டா இருந்தது. ஆனால் அது நான் அங்கே போவதற்கு முன்பு, வேறொரு கட்டண மென்பொருளில் எடுத்த பேக்கப். அதே மென்பொருளின் புதிய பதிப்பு அதைத் திறக்க மறுத்தது. பழைய பதிப்பைத் தேடிப்பிடித்து, ஒரு விர்ச்சுவல் மெஷினில் ஏற்றி, ஃபைலை வெளியே எடுப்பதற்குள் அரை நாள் போய்விட்டது. கம்பெனிச் சட்டம் 2013-இன் 128-ஆம் பிரிவு, கணக்குப் புத்தகங்களை 8 நிதியாண்டுகளுக்குக் குறையாமல் வைத்திருக்கச் சொல்கிறது. ஆக, 8 வருடப் பழைய பேக்கப்பைக் கேட்பது அபூர்வமான கோரிக்கை இல்லை.

அன்றிலிருந்து எந்த பேக்கப் மென்பொருளின் எதிர்காலத் திட்டத்தைப் படித்தாலும் நான் முதலில் தேடுவது ஒன்றைத்தான். ஏற்கெனவே எடுத்து வைத்ததை என்ன செய்யப்போகிறார்கள்? கம்ப்ரஷன் (டேட்டாவைச் சுருக்கும் வசதி) வருகிறதா, கிளவுட் வருகிறதா என்பதெல்லாம் பிறகு. பெரிய வசதி எதைச் சேர்த்தாலும், டிஸ்க்கில் டேட்டா உட்கார்ந்திருக்கும் அமைப்பைப் பெரும்பாலும் மாற்ற வேண்டிவரும். அந்த மாற்றத்தை பேக்கப்பிசி, ரெஸ்டிக், போர்க், பாரியோஸ் என்ற நான்கு ஓப்பன் சோர்ஸ் பேக்கப் மென்பொருள்களும் நான்கு விதமாகக் கையாண்டிருக்கின்றன. அதைத்தான் இங்கே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

பேக்கப்பிசி: பழையது அங்கேயே இருக்கட்டும்

கிரெய்க் பாரட் 2001-இல் வெளியிட்ட பேக்கப்பிசியின் அடிப்படை யோசனை அழகானது. பத்து மெஷின்களில் ஒரே ஃபைல் இருந்தால் சர்வரின் பொதுக் கிடங்கில் ஒரே பிரதிதான் இருக்கும். ஒவ்வொரு பேக்கப்பிலிருந்தும் அந்தப் பிரதிக்கு ஹார்ட் லிங்க் (அதே ஃபைலுக்கு இன்னொரு பெயர்) போடும். தனியாக டேட்டாபேஸ் தேவையில்லை. கணக்கு முழுவதையும் ஃபைல் சிஸ்டமே பார்த்துக்கொள்கிறது.

இதற்குக் கொடுக்கும் விலை பிறகுதான் தெரியும். லட்சக்கணக்கான ஹார்ட் லிங்க்குகள் சேர்ந்த பிறகு கிடங்கை வேறு டிஸ்க்குக்கு நகர்த்துவது பெரும்பாடு. 2014-இல் வேறோர் இடத்தில் 1 டிபி டிஸ்க்கிலிருந்து 2 டிபி டிஸ்க்குக்கு மாற்ற முயன்றேன். ஹார்ட் லிங்க்கைக் காப்பாற்றும் ஆப்ஷனோடு ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் கருவியை இரவு ஓடவிட்டுப் போனேன். காலையில் வந்தால் 4 ஜிபி மெமரியும் நிரம்பி, ஸ்வாப்பும் நிரம்பி, டிஸ்க் விளக்கு அணையாமல் எரிந்துகொண்டிருந்தது. வேலை நகர்ந்ததாகவே தெரியவில்லை. நிறுத்திவிட்டு, பார்ட்டிஷனை அப்படியே முழுசாக டிடி கட்டளை போட்டு நகலெடுத்து, அதன் பிறகு ஃபைல் சிஸ்டத்தைப் பெரிதாக்கினேன். மென்பொருளின் கையேட்டிலும் அதே யோசனை இருந்தது. நான் அதைப் பிறகுதான் படித்தேன்.

2017 மார்ச்சில் வந்த 4-ஆம் பதிப்பு ஹார்ட் லிங்க்கையே தூக்கிப்போட்டது. ஃபைல் எங்கே இருக்கிறது என்பதை எம்டி5 கணக்கு (ஃபைலின் உள்ளடக்கத்திலிருந்து பெறும் அடையாள எண்) சொல்லும், எத்தனை பேக்கப் அதைப் பயன்படுத்துகிறது என்பதைத் தனிக் கணக்கு சொல்லும். அடித்தளமே மாறியது. ஆனாலும் 3-இல் எடுத்த பேக்கப்புகளை 4 அப்படியே காட்டும், ரீஸ்டோரும் செய்யும். புதிய பேக்கப் மட்டும் புதிய முறையில் போகும். பழைய கிடங்கில் இருக்கும் ஃபைல் தேவைப்பட்டால் அதைப் புதிய கிடங்குக்கு நகர்த்திக்கொள்ளும். மொத்தத்தையும் மாற்றியே ஆக வேண்டுமென்றால் அதற்கு ஒரு ஸ்கிரிப்ட் உண்டு, கட்டாயம் இல்லை. பழையவை வயதாகித் தாமாகக் கழிந்துவிடும்.

நான்கில் எனக்கு மிகவும் பிடித்த திட்டமிடல் இதுதான். உருவாக்கியவர்கள் இரண்டு அமைப்புகளையும் படிக்கும் சுமையைத் தங்கள் நிரலில் ஏற்றிக்கொண்டார்கள், நம் தலையில் இறக்கவில்லை. குறையும் உண்டு. 2020-இல் வந்த 4.4-க்குப் பிறகு வேகம் குறைந்துவிட்டது. டிஸ்க்கில் என்கிரிப்ஷன் (சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டுவது) வேண்டுமென்றால் கீழே லக்ஸ் போன்ற ஒன்றை நாமே போட்டுக்கொள்ள வேண்டும்.

ரெஸ்டிக்: எட்டு வருடக் காத்திருப்பு

ரெஸ்டிக்கில் கம்ப்ரஷன் வேண்டும் என்ற கோரிக்கை 2014-இல் பதிவானது. அதன் எண் 21. அது நிறைவேறியது 2022 ஆகஸ்டில், 0.14 பதிப்பில். இடையில் எத்தனையோ பேர் பொறுமை இழந்து போர்க்குக்குப் போனார்கள். போர்க்கில் கம்ப்ரஷன் ஆரம்பத்திலிருந்தே இருந்தது.

காத்திருந்தவர்களுக்குக் கிடைத்ததைப் பார்த்தால் அந்தத் தாமதத்தை மன்னிக்கத் தோன்றுகிறது. களஞ்சியத்தின் (பேக்கப்புகளைச் சேர்த்து வைக்கும் கிடங்கின்) அமைப்பு 1-லிருந்து 2-க்குப் போகிறது. அதற்கான கட்டளையைக் கொடுத்தால் முதலில் களஞ்சியம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, கான்ஃபிக் ஃபைலில் பதிப்பு எண்ணை மாற்றுகிறது. அவ்வளவுதான். டேட்டா அசைவதில்லை. அன்றிலிருந்து எழுதுவது இஸட்ஸ்டாண்டர்ட் முறையில் கம்ப்ரஸ் ஆகும், பழையது பழையபடியே படிக்கப்படும். பழையதையும் சுருக்க வேண்டுமென்றால் ப்ரூன் (தேவையற்ற பழைய டேட்டாவைக் கழிப்பது) செய்யும்போது அதற்கான ஆப்ஷன் கொடுக்கலாம். ஒரே இரவில் எத்தனை ஜிபி மறுபடி எழுதலாம் என்று வரம்பும் வைக்கலாம். மெதுவான இணைய இணைப்பில் வெளியூர் சர்வருக்கு பேக்கப் எடுப்பவர்களுக்கு இந்த வரம்பு பெரிய உதவி. நான் வாரம் 20 ஜிபி என்று வைத்து இரண்டு மாதத்தில் முடித்தேன்.

ஒரே ஒரு முள். 0.14-க்கு முந்தைய ரெஸ்டிக்கால் புதிய அமைப்பைத் திறக்கவே முடியாது. டெபியன் லினக்ஸ் 11-இன் தொகுப்பில் இருந்தது 0.11, டெபியன் 12-இல் 0.14. அலுவலகத்தில் இரண்டும் கலந்திருந்தால் எல்லா மெஷினிலும் ரெஸ்டிக்கைப் புதுப்பித்துவிட்டுத்தான் களஞ்சியத்தைத் தொட வேண்டும். வரிசை மாறினால் பழைய மெஷின்களின் பேக்கப் அன்றிரவே நின்றுவிடும்.

போர்க்: இடித்துவிட்டுக் கட்டுவது

போர்க் பிறந்ததே மாற்றத்தின் வேகத்தைப் பற்றிய கருத்து வேறுபாட்டில்தான். ஆட்டிக் என்ற மென்பொருளிலிருந்து 2015-இல் பிரிந்தது. தேவைப்பட்டால் பழைய அமைப்போடு ஒத்துப்போகாத மாற்றத்தையும் செய்வோம் என்று அப்போதே வெளிப்படையாகச் சொன்னார்கள். அந்தச் சொல்லை இப்போது போர்க் 2-இல் முழுமையாகக் காப்பாற்றுகிறார்கள்.

காரணம் வலுவானது. போர்க் 1-இல் ஒரு களஞ்சியத்துக்கு ஒரு சாவி. அந்தச் சாவியோடு ஒரு எண்ணும் ஏறிக்கொண்டே போகும். ஒரே சாவியில் அதே எண் இரண்டாம் முறை வந்தால் என்கிரிப்ஷன் பலவீனமாகிவிடும். பல மெஷின்கள் ஒரே களஞ்சியத்துக்கு எழுதினால், கெட்ட எண்ணத்தோடு இயங்கும் ஒரு சர்வர் அந்த எண்ணைப் பின்னுக்குத் தள்ளி ஏமாற்ற வழி இருக்கிறது என்று போர்க்கின் ஆவணமே ஒளிக்காமல் சொல்கிறது. போர்க் 2-இல் ஒவ்வொரு முறை இயங்கும்போதும் புதிய சாவி பிறக்கிறது, அந்தச் சிக்கலே இல்லை. ஒரு மெஷின் எழுதும்போது மற்றவை வரிசையில் நிற்கும் பூட்டும் தளர்கிறது. நெட்வொர்க் பேக்கப்புக்கு இரண்டுமே அவசியமான மாற்றங்கள்.

ஆனால் போர்க் 2-ஆல் போர்க் 1 களஞ்சியத்தில் வேலை செய்ய முடியாது. புதிய களஞ்சியம் ஒன்றைத் தொடங்கி, டிரான்ஸ்ஃபர் கட்டளையால் பழையதை அதற்குள் கொண்டுவர வேண்டும். ஒவ்வொரு துண்டையும் பிரித்து, புதிய முறையில் மறுபடி பூட்டி எழுதும். அது முடியும் வரை இரண்டு பங்கு இடம் வேண்டும். 3 டிபி களஞ்சியம், 4 டிபி டிஸ்க் என்று இருப்பவர் இன்னொரு டிஸ்க் வாங்கியாக வேண்டும். முதல் பீட்டா 2022-இல் வந்தது, பீட்டாக்கள் தொடர்ந்து வந்துகொண்டிருந்தன. அதை நம்பி உண்மையான டேட்டாவை வைக்காதீர்கள் என்று அவர்களே எச்சரிக்கிறார்கள். 1.2-ஐயும் 2024-இல் வந்த 1.4-ஐயும் கைவிடாமல் பராமரித்ததற்கு நன்றி சொல்ல வேண்டும். இடித்துக் கட்டுபவர் பழைய வீட்டில் குடியிருப்பவர்களுக்குத் தண்ணீரை நிறுத்தவில்லை.

பாதுகாப்பில் ஓட்டை என்றால் இடிப்பது நியாயம். வெறும் வசதிக்காக இடித்திருந்தால் நான் இதை ஏற்றிருக்க மாட்டேன்.

பாரியோஸ்: டேப்பின் ஞாபகம்

பாகுலா என்ற பேக்கப் மென்பொருளிலிருந்து பிரிந்து, ஜெர்மனியின் கொலோன் நகர நிறுவனம் ஒன்றால் வளர்க்கப்படுவது பாரியோஸ். வேலையை நடத்தும் டைரக்டர், பேக்கப்பை வைக்கும் ஸ்டோரேஜ், பேக்கப் எடுக்கப்படும் மெஷினில் ஓடும் கிளையன்ட் என்று மூன்று பிரிவுகள். டேப் லைப்ரரி (பேக்கப் எழுதும் காந்த நாடாக்களின் தொகுப்பு) வைத்திருக்கும் இடங்களுக்கு உகந்தது; பன்னிரண்டு கம்ப்யூட்டர் அலுவலகத்துக்குக் கொஞ்சம் பெரிய சட்டை.

டேப் உலகிலிருந்து வந்ததாலோ என்னவோ, இதில் பழைய வால்யூமுக்கு (பேக்கப் எழுதப்பட்ட டேப் அல்லது ஃபைலுக்கு) மரியாதை அதிகம். எந்த ஃபைல் எந்த வால்யூமில் இருக்கிறது என்று சொல்லும் கேட்டலாக் டேட்டாபேஸ் முழுவதும் அழிந்தாலும், வால்யூமை மட்டும் வைத்துக்கொண்டு ஃபைல்களைப் பிரித்தெடுக்க ஒரு கருவி, கேட்டலாக்கையே மறுபடி உருவாக்க இன்னொரு கருவி என்று உடன் வருகின்றன. 21-ஆம் பதிப்பில் மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸுக்கான ஆதரவை நீக்கியபோதும் திடீரென்று கதவைச் சாத்தவில்லை. போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்ற இன்னொரு டேட்டாபேஸுக்கு மாற்றும் கருவியை முன்கூட்டியே கொடுத்துவிட்டுத்தான் நீக்கினார்கள்.

அழிக்க முடியாத பேக்கப்

ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் காலத்தில் கேட்கவேண்டிய அடுத்த கேள்வி, தாக்கப்பட்ட மெஷின் தன் பேக்கப்பைத் தானே அழிக்க முடியுமா என்பது. பேக்கப்பிசியிலும் பாரியோஸிலும் சர்வர்தான் நடத்துகிறது, கிளையன்ட்டுக்கு அழிக்கும் உரிமை இல்லை. ரெஸ்டிக்கிலும் போர்க்கிலும் கிளையன்ட்தான் தள்ளுகிறது. ஆகவே சர்வர் பக்கம் "சேர்க்கலாம், அழிக்கக் கூடாது" என்ற அமைப்பைப் போட வேண்டும். ரெஸ்டிக்கின் ரெஸ்ட் சர்வரிலும் போர்க் 1-இலும் இது இருக்கிறது.

அதைப் போட்டுவிட்டால் போதும் என்றுதான் நானும் நினைத்தேன். ரெஸ்டிக்கின் ஆவணத்தில் ஒரு பத்தி கண்ணைத் திறந்தது. தாக்குபவரால் அழிக்க முடியாது, ஆனால் போலி பேக்கப்புகளைச் சேர்க்க முடியும். பிற்காலத் தேதி போட்டு ஏழு போலிகளைச் சேர்த்துவிட்டால், "கடைசி ஏழை வை, மற்றதைக் கழி" என்ற நம் விதியே உண்மையானவற்றைக் கழித்துவிடும். எண்ணிக்கை வைத்துக் கழிக்காமல், குறிப்பிட்ட காலத்துக்குள் எடுத்த எல்லாவற்றையும் வைத்துக்கொள்ளும் விதி பாதுகாப்பானது என்கிறார்கள். இப்படிப்பட்ட தந்திரத்தை மென்பொருளே கண்டுபிடித்து ப்ரூனை நிறுத்தி எச்சரிக்க வேண்டும். எதிர்காலத் திட்டங்களில் இதற்கு முன்னுரிமை கிடைக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

என் கணக்கு

பன்னிரண்டு மெஷின் அளவுள்ள அலுவலகத்துக்கு, அலுவலகத்துக்குள் பேக்கப்பிசி, வெளியூர் பிரதிக்கு ரெஸ்டிக். டேப்போ நூற்றுக்கணக்கான சர்வரோ இருந்தால் பாரியோஸ். ஏற்கெனவே போர்க் 1.4-இல் நிம்மதியாக இருப்பவர் அவசரப்பட்டு எங்கும் போக வேண்டாம். போர்க் 2 நிலைபெற்ற பிறகு புதிய டிஸ்க் வாங்கும் சமயத்தில் மாறினால் போதும்.

நான்கிலும் இல்லாத ஒரு வசதி மட்டும் மனதை உறுத்துகிறது. எடுத்த பேக்கப்பைத் தானாக ரீஸ்டோர் செய்து பார்த்து "இது திறக்கிறது" என்று சொல்லும் ஒத்திகை. ரெஸ்டிக்கில் டேட்டாவைப் பன்னிரண்டு பங்காகப் பிரித்து மாதம் ஒரு பங்கைப் படித்துச் சரிபார்க்கலாம், பாரியோஸில் சரிபார்க்கும் ஜாப் உண்டு. ஆனால் பைட்டுகள் சரியாக இருப்பது வேறு, டேலி அந்த ஃபோல்டரைத் திறப்பது வேறு. அப்படியொரு வசதி வரும் வரை ஒத்திகையைக் கையால்தான் செய்கிறேன். ஒவ்வொரு ஏப்ரலிலும் 8 நிதியாண்டுகளிலிருந்தும் ஒரு கம்பெனி டேட்டாவை எடுத்து, தனி மெஷினில் டேலியில் திறந்து, ட்ரயல் பேலன்ஸின் கடைசி வரித் தொகையைப் பழைய பிரிண்ட் அவுட்டோடு ஒப்பிட்டு, ஆடிட்டர் அம்மாவிடம் நோட்டுப் புத்தகத்தில் கையெழுத்து வாங்கிக்கொள்கிறேன்.