பெட்ரோல் முள்ளும் எச்சரிக்கை விளக்கும்: யாரிடம் கொடுப்பது, எதை மாற்றுவது?

காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊர்களில் மோட்டார் சைக்கிள்கள் இரண்டு விதமாக வாழ்கின்றன. கோட்டையூரிலிருந்தும் புதுவயலிலிருந்தும் தினமும் டவுனுக்கு வந்து திரும்பும் வண்டிகள் ஒரு வகை. கானாடுகாத்தான், பள்ளத்தூர் போன்ற ஊர்களின் பெரிய வீடுகளில், கல்யாணத்துக்கோ கோயில் திருவிழாவுக்கோ சென்னையிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் வருபவர்கள் ஓட்டுவதற்கென்றே இரண்டாங்கட்டில் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கும் வண்டிகள் மற்றொரு வகை. பெட்ரோல் முள் நகரவில்லை, எச்சரிக்கை விளக்கு அணையவில்லை என்ற புகார் இரண்டிலுமே வருகிறது. ஆனால் காரணம் பெரும்பாலும் ஒன்றாக இருப்பதில்லை என்பதால், ஒரு வண்டிக்குச் சரியான வைத்தியம் மற்றொன்றுக்கு வீண் செலவாக முடியலாம்.

வழிகள் நான்கு உண்டு. கம்பெனி சர்வீஸ் சென்டரில் விட்டுப் பாகத்தையே மாற்றச் சொல்வது, தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுத்துக் கழற்றிச் சுத்தம் செய்யச் சொல்வது, மின்தடையும் வோல்ட்டும் அளக்கும் ஒரு மல்டிமீட்டரை வாங்கித் தாமே சோதிப்பது, எதுவும் செய்யாமல், பெட்ரோல் போடும்போது பூஜ்யமாக்கி ஓடிய தூரத்தைப் பார்க்கும் ட்ரிப் மீட்டரை நம்பி ஓட்டுவது. இவற்றுள் எது சிறந்தது என்று பொதுவாகக் கேட்டால் விடை கிடைக்காது. கோளாறு டேங்க்குக்குள் இருக்கிறதா, முள் இருக்கும் மீட்டரில் இருக்கிறதா, இரண்டுக்கும் இடைப்பட்ட வயரில் இருக்கிறதா என்பதைப் பிரித்தறிந்த பிறகுதான் ஒப்பிடுவதில் பொருளுண்டு.

டேங்க்குக்குள் இருப்பது மிக எளிமையான அமைப்பு. பெட்ரோலில் மிதக்கும் ஒரு மிதவை, அதைத் தாங்கும் மெல்லிய கம்பி, அந்தக் கம்பி ஏறி இறங்கும்போது ஒரு மின்தடைப் பட்டையின் மீது உரசிச் செல்லும் சின்ன உலோக நாக்கு ஆகிய மூன்றும் சேர்ந்ததைத்தான் மெக்கானிக்குகள் டேங்க் யூனிட் என்கிறார்கள். பல வண்டிகளில் டேங்க் நிறைந்திருக்கும்போது தடை 10 ஓம் (மின்தடையின் அலகு) அளவிலும், காலியாகும்போது 100 ஓமை ஒட்டியும் இருக்கும். சில வண்டிகளில் அளவுகள் வேறுபடும், தலைகீழாகவும் அமைந்திருக்கும். எனவே அந்தந்த வண்டியின் சர்வீஸ் கையேட்டில் உள்ள எண்ணே முடிவானது. உரசும் நாக்கிலும் பட்டையிலும் களிம்பு ஏறினால் முள் நடுங்கும், அல்லது ஓரிடத்திலேயே நிற்கும். மிதவையில் விரிசல் விழுந்து பெட்ரோல் உள்ளே புகுந்தால் அது அமிழ்ந்துபோய், டேங்க் நிறைந்திருந்தாலும் காலி என்றே காட்டும்.

நிறுத்தி வைத்த வண்டிகளில் களிம்புதான் முதல் சந்தேகத்துக்குரியது. 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் 2023-இல் அறிமுகமான பிறகு இந்தச் சந்தேகம் வலுத்திருக்கிறது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை ஈர்க்கும், ஈரம் அளவு மீறினால் அது எத்தனாலோடு சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து டேங்க்கின் அடியில் தங்கும். பாதி டேங்க்கோடு மாதக்கணக்கில் நின்ற வண்டியின் உலோகத் தொடுமுனைகள் அரிப்பதில் வியப்பில்லை. தினமும் ஓடும் வண்டிகளிலோ, பட்டை தேய்ந்துபோவதும் ஹேண்டில் திரும்பும் இடத்தில் வயர் உள்ளுக்குள் அறுந்துபோவதும் அதிகம்.

இனி மல்டிமீட்டர் வழி. சாவியை ஆஃப் செய்து, டேங்க்கிலிருந்து இறங்கும் வயர்களை இணைக்கும் கப்ளரைக் கழற்றி, டேங்க் பக்கத்து முனைகளில் ஓம் அளவைப் பார்க்க வேண்டும். இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் (கணினிக் கட்டுப்பாட்டில், பம்ப் மூலம் பெட்ரோலைப் பீய்ச்சுபவை) இதே கப்ளரில் பெட்ரோல் பம்ப்பின் வயர்களும் சேர்ந்து வருவதால், எந்த நிறம் எதற்குரியது என்பதைக் கையேட்டில் பார்த்துக்கொள்வது அவசியம். கிடைக்கும் எண் டேங்க்கிலுள்ள பெட்ரோலுக்குப் பொருந்தி, வண்டியை இலேசாக ஆட்டும்போது சற்றே ஏறி இறங்கினால் டேங்க் யூனிட் நலமாக இருக்கிறது. கோளாறு வயரிலோ மீட்டரிலோதான். எண்ணே வராமல் போனாலோ தாறுமாறாகத் தாவினாலோ மீட்டரைத் தொட வேண்டியதே இல்லை. முள் வைத்த பழைய மீட்டர்களில், தடை குறைந்தால் நிறைவு என்று காட்டும் வகையாக இருப்பின், வண்டிப் பக்கத்து இரண்டு முனைகளையும் ஒரு துண்டு வயரால் சற்று நேரம் இணைத்துச் சாவியைப் போட்டால் முள் நிறைவுக்கு ஏற வேண்டும். ஏறினால் மீட்டரும் வயரும் நன்றாக உள்ளன. டிஜிட்டல் மீட்டரில் இப்படி நேரடியாக இணைக்காமல், அளவு தெரிந்த ஒரு தடையை இடையில் வைத்துப் பார்ப்பதே பாதுகாப்பு. கட்டங்கள் உடனே மாறாது என்பதால் சற்றுப் பொறுக்கவும் வேண்டும்.

இந்தச் சோதனைக்கு அரை மணி நேரம் போதும், சாதாரண மல்டிமீட்டரே போதும். இதன் பலன் பழுது நீக்குவதில் இல்லை. எந்தக் கடைக்குப் போவது, அங்கே எதைக் கேட்பது, எதற்கு மறுப்பது என்பதைத் தீர்மானிப்பதில்தான் இருக்கிறது. ஆகவே மற்ற மூன்று வழிகளுக்கும் இதைப் போட்டியாக வைப்பதைவிட முன்படியாக வைப்பதே முறை என்பது என் கருத்து.

சர்வீஸ் சென்டருக்கும் மெக்கானிக்குக்கும் இடையிலான ஒப்பீடு வண்டியின் வயதைப் பொறுத்து மாறுகிறது. பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டர் வைத்த பழைய வண்டியில் டேங்க் யூனிட் தனிப் பாகம், விலையும் சில நூறு ரூபாய் அளவில் அடங்கும். அதைக் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டுவது நல்ல மெக்கானிக்குக்குச் சாதாரண வேலை. இன்ஜெக்‌ஷன் வண்டிகள் பலவற்றில் இது பம்ப்போடு ஒரே தொகுப்பாக வருவதால், மாற்றினால் சில ஆயிரம் ரூபாய் ஆகிவிடுகிறது. சர்வீஸ் சென்டர்கள் பொதுவாகத் தொகுப்பாகவே மாற்றுவார்கள். வாரண்டிக் காலத்தில் அது ஆதாயம். செலவும் இல்லை, உத்தரவாதமும் உண்டு. வாரண்டி முடிந்த பிறகு, களிம்பேறிய ஒரு நாக்குக்காக நன்றாக ஓடும் பம்ப்பையும் சேர்த்துத் தூக்கி எறிவது எனக்கு ஏற்புடையதாக இல்லை.

மெக்கானிக்கிடம் கொடுப்பதிலும் கவனிக்க வேண்டியவை உண்டு. யூனிட்டை வெளியே எடுத்ததும் பட்டையை உப்புத்தாளால் தேய்க்கும் பழக்கம் சில பட்டறைகளில் இன்னும் இருக்கிறது. தேய்த்த அன்று முள் அழகாக ஏறும். பட்டையின் மெல்லிய பூச்சு போய்விட்டதால் சில மாதங்களில் முன்னைவிட மோசமாகும். காண்டாக்ட் கிளீனர் ஸ்ப்ரேயை அடித்து, மென்மையான துணியால் ஒற்றி எடுத்து, பிறகு மல்டிமீட்டரை இணைத்தபடி மிதவைக் கம்பியை விரலால் மெதுவாக மேலிருந்து கீழாக இறக்கிப் பார்க்க வேண்டும். எண்கள் படிப்படியாக நகர்ந்தால் யூனிட் பிழைத்தது, நடுவில் ஓரிடத்தில் திடீரென அறுந்தால் பட்டை தேய்ந்துவிட்டது, இனிச் சுத்தம் செய்து பயனில்லை. மிதவையைக் காதருகே ஆட்டினால் உள்ளே பெட்ரோல் சளசளக்கும் ஓசையே விரிசலைக் காட்டிக்கொடுக்கும். கம்பியை வளைத்து அளவைச் சரிக்கட்டுவது கோளாறை மறைக்குமே தவிர நீக்காது. திரும்ப மாட்டும்போது ரப்பர் வாஷரைப் புதிதாகப் போடச் சொல்ல வேண்டும். பழையதையே போட்டால் பெட்ரோல் கசியலாம். பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றாமலும் காற்றோட்டம் இல்லாத இடத்திலும் இந்த வேலை நடந்தால் வண்டியை விடாமல் திரும்பி வருவதே நல்லது.

எச்சரிக்கை விளக்கு என்று வரும்போது தராசு சாய்வது வேறு பக்கம். முதலில் எந்த விளக்கு என்று பார்க்க வேண்டும். பெட்ரோல் குறைந்ததைக் காட்டும் விளக்கு சில வண்டிகளில் முள்ளின் கணக்கிலிருந்தே எரிகிறது. அங்கே இரண்டும் சேர்ந்தே பொய் சொல்லும், யூனிட்டைச் சரிசெய்தால் இரண்டும் சேர்ந்தே திருந்தும். வேறு சில வண்டிகளில் விளக்குக்கெனத் தனியாக ஒரு தெர்மிஸ்டர் இருக்கும். பெட்ரோலுக்குள் மூழ்கியிருக்கும்வரை அது குளிர்ந்திருந்து மின்சாரத்தைத் தடுக்கும், பெட்ரோல் இறங்கி அது வெளியே தெரிந்தால் சூடேறி, தடை குறைந்து விளக்கை எரியவிடும். இவ்வகையில் முள் பாதியில் நிற்க விளக்கு மட்டும் எரிந்தால் இரண்டு சர்க்யூட்டையும் தனித்தனியே பார்க்க வேண்டும். அழகுக்காகப் பழைய பல்பை எல்இடியாக மாற்றிய பிறகு விளக்கே எரியாமல் போவதும் இதனால்தான். தெர்மிஸ்டர் சூடேறத் தேவையான மின்னோட்டம் எல்இடி வழியே பாய்வதில்லை.

இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு முற்றிலும் வேறு விவகாரம். 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்ததிலிருந்து புதிய வண்டிகளில் இது இருக்கிறது. சாவி போட்டதும் எரிந்து இன்ஜின் ஓடத் தொடங்கியதும் அணைவது இயல்பு, அணையாவிட்டால் இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி ஒரு பிழைக் குறியீட்டைப் பதிந்திருக்கிறது என்று பொருள். பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் அமைப்பின் விளக்கோ வண்டி சற்று உருண்ட பிறகே அணையும், ஆகவே நின்ற இடத்தில் அது எரிவதைக் கண்டு பதற வேண்டியதில்லை. இன்ஜின் விளக்குக்குக் குறியீட்டைப் படிக்கும் ஸ்கேனர் வேண்டும், அந்தக் கம்பெனியின் கருவி இருப்பது சர்வீஸ் சென்டரில். பல கம்பெனி வண்டிகளையும் படிக்கும் ஸ்கேனர் வைத்திருக்கும் தனியார் கடைகளும் உண்டு, பொதுவான குறியீடுகளுக்கு அவை போதும். ஸ்கேனரே இல்லாமல் சென்சார்களை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்கும் கடையைவிடச் சர்வீஸ் சென்டரின் கட்டணம் மலிவு. பேட்டரியைக் கழற்றி மாட்டி விளக்கை அணைப்பது வைத்தியமாகாது. காரணம் இருக்கும்வரை விளக்கு மறுபடி வரும்.

ஆனால் சர்வீஸ் சென்டருக்குப் போகுமுன் பேட்டரியைப் பார்த்துவிட வேண்டும், அதிலும் நிறுத்தி வைத்த வண்டியென்றால் கட்டாயம். இன்ஜின் ஓடாதபோது 12.4 வோல்ட்டுக்குக் குறையாமலும், ஓடும்போது ஏறத்தாழ 13.5 முதல் 14.5 வரையும் இருக்க வேண்டும். பேட்டரி இறங்கியிருந்தால் பல விளக்குகள் ஒன்றாக எரிந்து, இல்லாத நோய்களையெல்லாம் காட்டும். இண்டிகேட்டர் போடும்போதெல்லாம் பெட்ரோல் முள்ளும் சேர்ந்து துடித்தால் பேட்டரியின் நெகட்டிவை வண்டிச் சட்டத்தோடு சேர்க்கும் எர்த் இணைப்பில் குறை. பூட்டிய வீட்டில் எலி கடித்த வயரையும், ஐப்பசி மழைக்குப் பிறகு கப்ளர்களில் ஏறும் பச்சைக் களிம்பையும் கண்ணாலேயே கண்டுபிடித்துவிடலாம்.

ட்ரிப் மீட்டரை நம்பி ஓட்டும் வழியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பழைய புல்லட்டில் பெட்ரோல் முள்ளே கிடையாது, மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தே ஒரு தலைமுறை ஓட்டியது. ரிசர்வ் குழாய் இருக்கும் வண்டிக்கு அது இன்றும் ஒத்துவரும். இன்ஜெக்‌ஷன் வண்டிக்கு ஒத்துவராது. ரிசர்வ் குழாய் இல்லை, டேங்க்குக்குள் மூழ்கியிருக்கும் பம்ப்பைக் குளிர்விப்பதே பெட்ரோல்தான். அடிக்கடி வற்றவிட்டு ஓட்டினால் பம்ப் கெடும். தேவகோட்டைக்கும் திருப்பத்தூருக்கும் போய் வரும் வண்டியில், பழுது முடியும்வரை சில நாள் சமாளிக்க மட்டுமே இவ்வழி.

அசல் பாகமா, மாற்றுக் கம்பெனிப் பாகமா என்பதிலும் என் நிலை இடத்துக்கு ஏற்ப மாறும். கார்புரேட்டர் வண்டியின் டேங்க் யூனிட்டை நல்ல பெயருள்ள மாற்றுக் கம்பெனியிடம் வாங்கலாம், ஓம் அளவு மட்டும் பழையதோடு ஒத்திருக்க வேண்டும். பம்ப்போடு வரும் தொகுப்பு அசலாகவே இருக்கட்டும். மீட்டரை முழுதாக மாற்றச் சொன்னால், பலகையில் விட்டுப்போன சால்டரை மட்டும் சரிசெய்துதரும் ஆள் கிடைக்கிறாரா என்று முதலில் விசாரிக்கலாம். புது மீட்டரின் விலை பல ஆயிரம், ஓடிய கிலோமீட்டர் கணக்கும் அதோடு சேர்ந்து மாறிவிடும்.

எந்த வழியில் சரிசெய்தாலும், வண்டியை எடுக்கும்போது காலி டேங்க்கில் பெட்ரோலை லிட்டர் லிட்டராக அளந்து ஊற்றச் சொல்லி, சென்டர் ஸ்டாண்டில் நேராக நிறுத்தி, எத்தனையாவது லிட்டரில் விளக்கு அணைகிறது, முள் எங்கே நிற்கிறது என்று பார்த்துக் குறித்துக்கொண்ட பிறகே பணத்தைக் கொடுக்க வேண்டும்.