மாக்கிங்பேர்டா, ரோல் ஆஃப் தண்டரா?

அமெரிக்க நடுநிலைப் பள்ளி ஆங்கில வகுப்பில் நிறவெறியைப் பற்றிப் பேச எந்த நாவல்? ஹார்ப்பர் லீயின் 'டு கில் எ மாக்கிங்பேர்ட்' (1960) பழகிய தேர்வு. ஆசிரியர்களுக்குப் பாடம் அத்துப்படி. நீதிமன்றக் காட்சி விவாதத்துக்கு நல்ல தீனி. ஆனால் கதை சொல்வது வெள்ளைக்காரச் சிறுமி. பொய்க் குற்றச்சாட்டில் சிக்கிய கறுப்பினத்தவரான டாம் ராபின்சன் மனதில் என்ன ஓடுகிறது என்பது கடைசிவரை அவள் கண்வழியாகத்தான் நமக்கு வருகிறது. கறுப்பினப் பிள்ளை தன்னை இதில் எங்கே தேடும்?

மில்ட்ரெட் டெய்லரின் 'ரோல் ஆஃப் தண்டர், ஹியர் மை க்ரை' (1976) நாவலைச் சொல்வது கேஸி லோகன் என்ற கறுப்பினச் சிறுமி. முதல் அத்தியாயத்திலேயே, வெள்ளைப் பிள்ளைகள் பயன்படுத்திக் கழித்த பாடப்புத்தகங்கள் அவள் வகுப்புக்கு வருகின்றன. உள்ளே ஓர் அட்டவணை: எப்போது கொடுத்தது, புத்தகத்தின் நிலை, மாணவரின் இனம். நிலை 'மிக மோசம்' ஆன பிறகுதான் கறுப்பினப் பிள்ளை கைக்கு. அதைப் படித்த ஆறு வயதுத் தம்பி புத்தகத்தை வீசி எறிந்து மிதிக்கிறான். இந்த ஒரு பக்கத்தை வைத்தே ஒரு வாரம் பாடம் நடத்தலாம்.

இரண்டிலும் கறுப்பினத்தவரைக் குறிக்கும் இழிசொல் வருகிறது. அதை உரக்க வாசிக்க வேண்டாம் என்று முதல் நாளே சொல்லிவிடுவது நல்லது. ஆறு, ஏழாம் வகுப்புக்கு என் ஓட்டு டெய்லருக்குத்தான். லீயை அப்புறம் எட்டாம் வகுப்பில் பார்த்துக்கொள்ளலாம்.