என்விடியா கார்டில் லினக்ஸ்: நூவோவா, டிஸ்ட்ரோ டிரைவரா, ரன் கோப்பா?

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்ததும் என் டெஸ்க்டாப்பை லினக்ஸ் மின்ட் 22-க்கு மாற்றினேன். அதில் இருப்பது ஜிடிஎக்ஸ் 1050 டிஐ கார்டு. அடுத்த மாதம் அக்கா மகனின் லேப்டாப்பிலும் லினக்ஸ் போட்டுக் கொடுத்தேன். அதில் இன்டெல் கிராபிக்ஸோடு ஜிடிஎக்ஸ் 1650-ம் இருக்கிறது. இந்த இரண்டு மெஷின்களில், கார்டை இயக்கும் டிரைவரைப் போடுவதற்கான மூன்று வழிகளையும் ஓட்டிப் பார்த்தாகிவிட்டது. என் சாய்வு எந்தப் பக்கம் என்று இப்போதே சொல்லிவிடுகிறேன்: புதிதாக வருபவர் தன் டிஸ்ட்ரோவின் (மின்ட், உபுண்டு போன்ற லினக்ஸ் வகையின்) மென்பொருள் களஞ்சியத்தில் உள்ள டிரைவரைத்தான் போட வேண்டும். மற்ற இரண்டுக்கும் இடம் உண்டு, ஆனால் சின்ன இடம்தான்.

உங்களிடம் இருப்பது ஏஎம்டி அல்லது இன்டெல் கிராபிக்ஸ் மட்டும் என்றால் இந்தத் தலைவலியே இல்லை. அவற்றின் டிரைவர் லினக்ஸின் மையப் பகுதியான கர்னலுக்குள்ளேயே வருகிறது. விண்டோஸ் பழக்கத்தில் இணையதளம் தேடி எதையும் இறக்காமல் இருந்தால் போதும்.

முதலில் நிறுவும்போதே வரும் கறுப்புத் திரை. யூஎஸ்பியிலிருந்து பூட் ஆனதும் திரை அப்படியே நின்றுவிட்டால், மறுபடி பூட் செய்து, மின்ட்டில் கம்பேட்டிபிலிட்டி மோட், உபுண்டுவில் சேஃப் கிராபிக்ஸ் என்ற வரியைத் தேர்ந்தெடுங்கள். நிறுவி முடித்த பின் முதல் பூட்டிலும் அதே கறுப்பு வந்தால், கிரப் மெனுவில் (பூட் ஆகும்போது வரும் தேர்வுப் பட்டியலில்) இ எழுத்தைத் தட்டி, லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் கடைசியில் நோமோட்செட் என்பதை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் ஒரே சொல்லாகச் சேர்த்து, எஃப்10 அழுத்துங்கள். மெனுவே தெரியவில்லை என்றால் பூட் ஆகும்போது எஸ்கேப், பழைய பயாஸ் மெஷினாக இருந்தால் ஷிஃப்ட். இது டிரைவர் போடும் வரைக்குமான ஊன்றுகோல்தான். இதையே நிரந்தரமாக்கிவிட்டால் கார்டு சும்மா இருக்க, படம் வரையும் வேலை முழுக்க சிபியூ தலையில் விழும். யூடியூப் பார்த்தாலே ஃபேன் இரைகிறதா? சிஸ்டம் தகவலில் கிராபிக்ஸ் என்ற இடத்தில் எல்எல்விஎம்பைப் என்று, அதாவது சிபியூவே படம் வரைவதன் அடையாளம், இருக்கிறதா பாருங்கள். இருந்தால் இதுதான் காரணம்.

சரி, இனி மூன்று வழிகள்.

நூவோ என்பது வெளியிலிருந்து என்விடியா கார்டுகளை ஆராய்ந்து எழுதப்பட்ட திறமூல டிரைவர். 2010-லிருந்து கர்னலோடு சேர்ந்தே வருகிறது. அதனால் எதையும் நிறுவ வேண்டாம், கர்னல் புதுப்பித்தாலும் உடையாது. அந்த ஒரு குணத்துக்காக எனக்கு அதன்மேல் மரியாதை உண்டு. ஆனால் 900 வரிசையிலிருந்து, கார்டின் வேகத்தை ஏற்றி இறக்க என்விடியா டிஜிட்டல் கையெழுத்திட்ட ஃபர்ம்வேர் (கார்டுக்குள் ஓடும் மென்பொருள்) தேவைப்படுகிறது. என் 1050 டிஐ போன்ற கார்டுகளுக்கு நூவோவால் அதைச் செய்ய முடியாது. பூட் ஆனபோது இருந்த குறைந்த வேகத்திலேயே கார்டு கிடக்கும். ஆவணம் தட்டச்ச, இணையம் பார்க்கப் போதும். 3டி மென்பொருளான பிளெண்டரைத் திறந்தால் தெரிந்துவிடும். 1650-லிருந்து மேலே உள்ள கார்டுகளுக்கு 2024 ஜனவரியில் வந்த 6.7 கர்னலிலிருந்து நிலைமை மாறத் தொடங்கியது. கேம்கள் பயன்படுத்தும் கிராபிக்ஸ் இடைமுகமான வல்கனுக்கான என்விகே டிரைவரும் கூடவே வளர்கிறது. அந்தக் கூட்டணியில் நான் ஓட்டியது சில நாள்தான், அதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். மறுபக்கம், ஜிடி 210, ஜிடி 610 போன்ற பழைய கார்டுகளுக்கு நூவோதான் சரி. அவற்றுக்கான 340, 390 வரிசை டிரைவர்களை என்விடியா எப்போதோ நிறுத்திவிட்டது.

ரன் கோப்பு என்பது என்விடியா தளத்திலிருந்து நேராக இறக்கும் நிறுவி. விண்டோஸிலிருந்து வருபவருக்கு இதுதான் இயல்பாகத் தோன்றும். எனக்கும் தோன்றியது. நூவோவைத் தடைப்பட்டியலில் போட்டு, கன்ட்ரோல் ஆல்ட் எஃப்3 அழுத்தி எழுத்துத் திரைக்குப் போய், டெஸ்க்டாப்பை நிறுத்தி, அங்கிருந்து ஓட்டினேன். நடுவில் டிகேஎம்எஸ்-இல் பதிவு செய்யவா என்று கேட்டது. கர்னல் மாறும்போதெல்லாம் டிரைவரை மறுபடி கட்டித் தரும் கருவி அது என்று அப்போது தெரியாது, வேண்டாம் என்றேன். ரீஸ்டார்ட் செய்ததும் எல்லாம் பளிச்சென்று வேலை செய்தது. மூன்று வாரம் கழித்து வழக்கமான அப்டேட் ஒன்றைப் போட்டேன். மறுநாள் காலை திரையின் இடது மூலையில் ஒரு கோடு மட்டும் மின்னிக்கொண்டிருந்தது.

இந்த இடத்தில்தான் மொத்த விஷயமும் இருக்கிறது. என்விடியா டிரைவருக்கு இரண்டு பாதி. ஒன்று ஓபன்ஜிஎல், வல்கன் நூலகங்கள். இன்னொன்று கர்னலுக்குள் ஏறி உட்காரும் மாட்யூல். எந்தக் கர்னலுக்காகக் கட்டினோமோ அந்தக் கர்னலில் மட்டும்தான் அந்த மாட்யூல் ஏறும். புதுக் கர்னல் வந்தால் மறுபடி கட்ட வேண்டும். பாதுகாப்புத் திருத்தங்களுக்காகச் சில வாரங்களுக்கு ஒருமுறை கர்னல் மாறிக்கொண்டேதான் இருக்கும். ஆகவே எந்த வழி நல்லது என்பதை முதல் நாள் வேகத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஒவ்வொரு கர்னலுக்கும் அந்த மாட்யூலை யார் கட்டித் தருவார் என்று பாருங்கள். ரன் கோப்பில் டிகேஎம்எஸ்-க்குச் சம்மதித்தால் அது கட்டிக்கொள்ளும். ஆனாலும் அந்தக் கோப்புகள் எதுவும், மென்பொருள்களை நிறுவி நிர்வகிக்கும் பேக்கேஜ் மேலாளரின் கணக்கில் இருக்காது. பின்னால் களஞ்சிய டிரைவரை அதன்மேல் போட்டால் நூலகம் ஒரு பதிப்பு, மாட்யூல் வேறு பதிப்பு என்று முட்டிக்கொள்ளும். முதலில் அதே ரன் கோப்பை அன்இன்ஸ்டால் விருப்பத்தோடு ஓட்டி நீக்கிவிட வேண்டும்.

அன்றைக்கு என்னைக் காப்பாற்றியது கிரப் மெனுவின் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ். அதில் முந்தைய கர்னலைத் தேர்ந்தெடுத்தால் போதும், பழைய மாட்யூல் அதற்கு இன்னும் இருக்கிறது, டெஸ்க்டாப் வந்துவிடும். புதிதாக வருபவர் கற்க வேண்டிய முதல் வைத்தியம் இது என்பேன்.

அதன் பிறகு ரன் கோப்பை நீக்கிவிட்டு மின்ட்டின் டிரைவர் மேனேஜரைத் திறந்தேன். உபுண்டுவில் இதன் பெயர் அடிஷனல் டிரைவர்ஸ். பரிந்துரை என்று போட்டிருப்பதைத் தேர்ந்தெடுத்து, அப்ளை, ரீஸ்டார்ட், அவ்வளவுதான். புதுக் கர்னல் வரும்போது டிகேஎம்எஸ் தானே மாட்யூலைக் கட்டும். உபுண்டுவில் முன்பே கட்டிக் கையெழுத்திட்ட மாட்யூல்களும் களஞ்சியத்திலேயே கிடைக்கும். பட்டியலில் ஒரே எண்ணில் இரண்டு வரி வரும் இடத்தில் மட்டும் கவனம். 580 என்றும், 580 ஓபன் என்றும் இருக்கும். திறமூலம் நல்லதுதானே என்று கை ஓபன் பக்கம் போகும். அந்த மாட்யூல் 16, 20 வரிசைகளிலிருந்துதான் வேலை செய்யும். 1050 டிஐ-க்கு அதைப் போட்டால் கார்டையே கண்டுகொள்ளாது. 50 வரிசைக்கு நேர்மாறு, ஓபன் மட்டும்தான். ஃபெடோராவில் ஆர்பிஎம் ஃபியூஷன் என்ற வெளிக் களஞ்சியத்திலிருந்து ஏகேமாட் பேக்கேஜ் இதே வேலையைச் செய்கிறது. போட்டவுடன் ரீஸ்டார்ட் செய்யாமல், மாட்யூல் கட்டி முடியும்வரை ஐந்து நிமிடம் பொறுக்க வேண்டும்.

களஞ்சிய வழியிலும் சிக்கல் உண்டு, நம்பகமான கையெழுத்து இல்லாததை ஏற்க விடாத செக்யூர் பூட் ரூபத்தில். டிகேஎம்எஸ் நம் மெஷினிலேயே கட்டும் மாட்யூலுக்கு நம் மெஷினின் சாவியால்தான் கையெழுத்து. அந்தச் சாவியை நம்பகமானது என்று மெஷினில் பதிய வேண்டும். அதற்காக நிறுவும்போது ஒரு கடவுச்சொல் கேட்பார்கள். அடுத்த பூட்டில் நீலத் திரை ஒன்று வரும். அக்கா மகன் போனில் சொன்னது:

"மாமா, நீலமா ஒரு ஸ்கிரீன் வந்து பத்துலேர்ந்து எண்ணுச்சு. நான் எதையும் தொடல. இப்ப டிவில சொருகினா படமே வரல."

"அப்பத்தான்டா ஒரு கீயைத் தட்டியிருக்கணும்."

தட்டி, என்ரோல் மோக் (சாவியைப் பதிவு செய்) என்பதைத் தேர்ந்தெடுத்து, அந்தக் கடவுச்சொல்லைக் கொடுத்திருந்தால் முடிந்திருக்கும். விட்டுவிட்டதால் கர்னல் மாட்யூலைத் திருப்பி அனுப்பிவிட்டது. டெர்மினலில் மாட்யூலைக் கையால் ஏற்றச் சொன்னபோது "கீ வாஸ் ரிஜெக்டட் பை சர்வீஸ்" என்று வந்தது. லேப்டாப் திரை இன்டெல்லில் ஓடியதால் அவனுக்குக் கோளாறே தெரியவில்லை. அவன் மெஷினில் எச்டிஎம்ஐ துளை என்விடியா கார்டோடு இணைந்தது, அதனால்தான் டிவி வரவில்லை. மோக்யூட்டில் கருவியால் சாவியை மறுபடி பதியவைத்தோம், இம்முறை கீயைத் தட்டினான். செக்யூர் பூட்டையே அணைப்பது எளிய வழி. ஆனால் அதே லேப்டாப்பில் விண்டோஸும், வட்டைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கரோடு இருந்தால், அணைத்தவுடன் மீட்புச் சாவி கேட்கும். அது கையில் இல்லாமல் பயாஸ் பக்கம் போகாதீர்கள்.

இன்னொன்றும் மனதில் இருக்கட்டும். 580 வரிசைதான் என் 1050 டிஐ-க்கான கடைசி டிரைவர் கிளை. 590-லிருந்து 10 வரிசைக் கார்டுகள் இல்லை. பட்டியலில் பெரிய எண்ணைப் பார்த்து மாற்றிவிடாதீர்கள். டிரைவரைத் தொடும் முன், சிஸ்டத்தைப் பழைய நிலைக்குத் திருப்ப உதவும் டைம்ஷிஃப்டில் ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்து வைப்பது இப்போது எனக்குப் பழக்கமாகிவிட்டது.

போன வாரம் அவன் மறுபடி கூப்பிட்டான். "மாமா, கர்னல் அப்டேட் வந்திருக்கு, போடவா?"

"போடு. போட்டதும் டெர்மினல்ல டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ் அடிச்சுப் பாரு. புது கர்னல் நம்பர் பக்கத்துல இன்ஸ்டால்டுன்னு இருந்தா ரீஸ்டார்ட் பண்ணு."

இருந்தது. பண்ணினான். டிவியில் படம் வந்தது.