ஏழு வாரமா, அஞ்சு வாரமா? கோத்தகிரில நாங்க எடுத்த முடிவு

போன வருஷம் பையன் ஏழாவது படிக்கறப்ப அவன் பேக்ல உதட்டுக்குள்ள ஒதுக்குற புகையிலை பொட்டலம் ஒண்ணு கெடச்சுது, "எனதில்லப்பா, பிரண்டுது"ன்னான், நம்புறதா வேணாமான்னே தெரியாம ரெண்டு நாள் கிடந்தோம். அப்புறம்தான் பிள்ளைங்க புகையிலை, குடின்னு போகாம இருக்க குடும்பத்துக்கு நடத்துற கிளாஸ் எதுக்கு போலாம்னு தேடுனோம். புண்ணு வந்த வாய் படத்தை காட்டி மெரட்டுற ஒருநாள் ஸ்பீச்ச விடுங்க, பசங்க வெளிய வந்ததும் அதை வெச்சே காமெடி பண்றானுங்க.

மிச்சம் ரெண்டு. குன்னூர்ல மச்சான் போனது கைடிங் குட் சாய்சஸ் மாதிரி, அமெரிக்காவுல சியாட்டில்ல ஹாக்கின்ஸ், கேட்டலானோன்னு ரெண்டு பேர் உருவாக்குனது. அஞ்சு வாரம், பெத்தவங்களுக்குத்தான் கிளாஸ், பிள்ளைங்க ஒரே ஒரு வாரம் வந்து பிரண்டு நீட்டுனா எப்டி வேணாம்னு சொல்றதுன்னு பழகுவாங்க. நாங்க போனது ஸ்ட்ரெங்தனிங் ஃபேமிலீஸ், 10லருந்து 14 வயசுக்கு. ஏழு வாரம், வாரம் ரெண்டு மணி நேரம், முதல் மணி நேரம் நாங்க தனியா பிள்ளைங்க தனியா, அப்புறம் எல்லாரும் ஒண்ணா.

பாடம்னு பாத்தா பெருசா வித்தியாசமில்ல, ரெண்டுலயும் ரூல், தண்டனை, கோவம்தான். எனக்கு முடிவு பண்ணி குடுத்தது ஒண்ணே ஒண்ணு, விடாம போக முடியுதா. இங்க ஆறு மணிக்கு மேல பனி இறங்கிரும், காட்டுமாடு ரோட்டுல நிக்கும், மினி பஸ்ஸ விட்டா ஆட்டோக்காரன் சொல்றதுதான் ரேட்டு. ஸ்ட்ரெங்தனிங் ஃபேமிலீஸ்ல சாப்பாடு போடறதும் சின்ன பிள்ளைங்கள பாத்துக்கறதும் புரோகிராம்லயே சேர்த்தி. எங்களுக்கு டீயும் வர்க்கியும் உப்புமாவும், பாப்பாவ ஒரு அக்கா பாத்துகிட்டாங்க, அதனாலதான் வீட்டுல அவங்களும் வர முடிஞ்சுது, இல்லன்னா நான் மட்டும் போய் தலையாட்டிட்டு வந்திருப்பேன். ஏழுல ஆறு போனோம். மச்சானுக்கு தேயிலை ஜாஸ்தி வர்ற சீசன், டீ ஃபேக்டரில ஷிஃப்ட் மாத்தி மாத்தி போட்டதுல அஞ்சுல ரெண்டு போச்சு, தவறுனதுல ஒண்ணு பிள்ளை வரவேண்டிய வாரம்! அதனால அங்க என்ன சொல்லி குடுத்தாங்கன்னே அவர் மகளுக்கு தெரியாது.

எங்க கிளாஸ்ல எல்லாரும் ஒண்ணா இருக்கறப்ப, பையன் எதிர்ல உக்காந்திருக்கறப்பவே "நீ எங்க சுத்திட்டு வர்ற"ங்கறத "லேட்டானா எனக்கு பயமா இருக்குடா"ன்னு மாத்தி சொல்லணும். முதல் வாரம் எனக்கு வாயே வரல, அவன் சிரிச்சுட்டான்.

ரெண்டையும் பக்கத்துல வெச்சு 1993ல அமெரிக்காவுல அயோவா மாநிலத்து கிராமத்து பக்கம் 33 ஸ்கூல்ல ஆரம்பிச்சு பாத்திருக்காங்க, பிள்ளைங்க குடிக்க ஆரம்பிக்கறத தள்ளிப்போட்டதுல ஏழு வாரத்துதான் முந்துச்சு. ஆனா ஸ்வீடன், போலந்துல அதையே பண்ணப்ப பலன் தெரியல, அதனால அடிச்சு சொல்ல மாட்டேன். எங்களுக்கும் ஒரு வருஷம்தான் ஆச்சு, அவன் இன்னும் பிளஸ் டூவே பாக்கல.

ஏழு வாரம் முடிஞ்சு பின்னாடி நாலு பூஸ்டர் கிளாஸ் இருக்கு, படிச்சத மறக்காம இருக்க. எங்க பேட்ச்சுக்கு இன்னும் வெக்கல, கேட்டா மழை முடியட்டும்ங்கறாங்க. மச்சான் அடுத்த பேட்ச்சுக்கு இங்கயே பேர் குடுத்துட்டாரு.